மேய்க்காலும் நம் வேலியும்

ஒருவரை இழித்துப் பேச வேண்டுமாயின் ‘புறம்போக்கு’ என்று ஏசுவது இன்று தெருவழக்காகிவிட்டது. வகுப்பறையில் ஒரு மாணவன் மற்றொருவனை அவ்வாறு ஏசியது ஒருநாள் நம் செவியில் விழுந்தது. நாம் பாடத்தை நிறுத்திவிட்டு அச்சொல்லைக் கரும்பலகையில் எழுதினோம். தீர்வை விதிக்கப்படும் விளைநிலங்களின் கணக்கிற்குப் புறத்தே வைக்கப்பட்ட நிலம் புறம்போக்கு. ஏரியும் குளமும், களமும் இடுகாடும், வண்டிப்பாதையும் மாடு மேயும் வெளியும் அதனுள் அடங்கும். பட்டா இல்லாமையால் அது எவருக்கும் உரியதன்று என்பது பொருளன்று. ஊரார் அனைவர்க்கும் உரியது என்பதே பொருள் என்று விளக்கினோம். மாணவர்கள் தலையசைத்தனர், மணியும் அடித்தது. ஆயின் அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. அச்சொல்லைப் பிறர்க்கு விளக்கும் தகுதி நமக்கு உண்டா என்னும் ஐயமே அதற்குக் காரணம். அவ்வையத்தின் வரலாற்றை மறைக்காமல் எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் பிறந்த சிற்றூர் திண்டிவனத்திற்கு மேற்கே, செஞ்சி செல்லும் சாலையிலிருந்து சற்று விலகி உள்ளது. புளியங்காடு என்னும் பொருள்படும் ‘திந்திரிணி வனம்’ என்பதே திண்டிவனமாயிற்று என்பர். ஆற்றுப் பாசனம் அற்ற பூமி அது. ஏரி நிறைந்தால் நெல். நிறையாவிடில் மணிலாக் கொட்டை. திண்டிவனத்து எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ‘டி.எம்.வி.’ இரகங்களின் முன்னெழுத்துகள் அவ்வூரின் பெயரையே குறிப்பன. அந்த மணிலாக் கொடியும் வைக்கோலுமே எங்கள் மாடுகளுக்குக் கோடைத் தீவனம். மற்ற மாதங்களில் அவற்றுக்குச் சோறிட்டது, ஊருக்குத் தெற்கே பரந்து கிடந்த ஏறத்தாழ 40 ஏக்கர் மேய்க்கால் புறம்போக்கு.

நம் இளமையில் அந்நிலத்தின் ஒழுங்கு எங்கும் எழுதப்படவில்லை. எனினும் அதை அறியாதவர் எவருமிலர். சுப்ஹுத் தொழுகை முடிந்து நாம் பள்ளிவாசலை விட்டு வெளிவரும் வேளையில், புளியமரத்தடியிலிருந்த மந்தைவெளியில் ஊர் மாடுகள் கூடத் தொடங்கும். காலனியைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் அவற்றை ஓட்டிச் செல்வார். அவருக்கு அறுவடைக் காலத்தில் மாட்டுக்கு இத்தனை மரக்கால் என்று களத்திலேயே நெல் அளக்கப்படும். ஆடி முதல் தை வரை பயிர் நிற்கும் காலம். அப்போது மாடுகள் மேய்க்காலை விட்டு அகலக் கூடாது. தையில் அறுப்பு முடிந்ததும் வேலிகள் திறக்கும்; எவர் வயலிலும் எவர் மாடும் தாள் மேயலாம். பயிரில் வாய் வைத்த மாடு பவுண்டில் அடைக்கப்படும். 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம் வெள்ளையர் ஆக்கியது. ஆயினும் எங்கள் ஊரார் அதை அஞ்சியதைவிட அந்தப் பெரியவரின் நாவையே மிகுதியாக அஞ்சினர்.

மாட்டைச் செல்வமெனக் கருதியது தமிழ்நிலத்திற்குப் புதிதன்று. ‘மாடு’ என்னும் சொல்லுக்கே செல்வம் என்றொரு பொருள் உண்டு. ஆநிரையைக் கவர்ந்தபோதும் மீட்டபோதும் மாண்ட வீரர்களின் நடுகற்கள் அண்டையிலுள்ள செங்கம் வட்டாரத்தில் பல கிடைத்துள்ளன. சென்னை மாநகரின் நடுவே நெரிசல் மிகுந்து விளங்கும் மந்தைவெளியும் ஒருகாலத்தில் மந்தைகள் மேய்ந்த வெளியே. பெயர் நின்றது, வெளி நிற்கவில்லை.

எங்கள் ஊர் மேய்க்காலும் அவ்வழியிலேயே சென்றது. ஒரே நாளில் அது அழியவில்லை. உழவுக்கு டிராக்டர் வந்தது, எருதுகள் குறைந்தன. மின்மோட்டார் வைத்தவர்கள் ஆண்டு முழுதும் பயிரிட்டனர். தாள் மேய்ச்சல் நின்றது. மந்தையை ஓட்டிய பெரியவர் காலமானார். அவர் மக்கள் சென்னைக்குக் கட்டட வேலைக்குப் போயினர். கவனிப்பாரற்ற வெளியில் சீமைக் கருவேலம் புகுந்து, நிழலில் ஒரு புல்லையும் வளரவிடாது அடர்ந்தது. விளிம்பில் நிலம் உடையவர்கள் தத்தம் வேலியை ஆண்டுக்கு ஒரு முழம் தள்ளி நட்டனர். என்.எஸ். ஜோதா என்னும் பொருளியலறிஞர் தமிழகம் உள்ளிட்ட ஏழு மாநிலங்களின் வறண்ட சிற்றூர்களை ஆராய்ந்து 1986இல் வெளியிட்ட கட்டுரையில், விடுதலைக்குப் பிந்திய முப்பது ஆண்டுகளில் பல ஊர்களின் பொதுநிலம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கியதைக் காட்டினார். அந்நிலங்களால் செல்வர்க்குக் கிட்டிய வருவாய் அற்பம். ஏழைகளுக்கோ அவர்தம் வருவாயில் ஏழில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலும் அதிலிருந்தே வந்தது என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். அவ்வறிஞர் தம் கட்டுரையை வெளியிட்ட அதே ஆண்டில் எங்கள் வேலியும் நகர்ந்தது.

1986இல் நாம் வேலூர் சென்று மதரஸாவில் சேர்ந்தோம். அவ்வாண்டு நம் அத்தா, மேய்க்காலை ஒட்டிய எங்கள் கொல்லையின் கள்ளிவேலியைப் பெயர்த்து, தெற்கே தள்ளி முள்வேலி இட்டார்கள். அவ்வாறு சேர்ந்த நிலம் 11 சென்ட். அதில் சவுக்குக் கன்று நட்டார்கள். அத்தா கொடியவரல்லர், ஐவேளைத் தொழுகையைத் தவறவிடாதவர், பிறர் வீட்டு முருங்கைக்காயைக்கூடக் கேளாமல் பறிக்காதவர். எல்லாரும் தள்ளினார்கள், அவர்களும் தள்ளினார்கள். ஊர் நிலத்தை எடுப்பது ஒருவர் நிலத்தை எடுப்பது போன்றதன்று என்று எண்ணினார்கள் போலும். 1991இல் முதல் வெட்டுச் சவுக்கு விலைபோயிற்று. அப்பணத்தில் ஒரு பகுதி வேலூருக்கு மணியார்டராக வந்தது. அதைக் கொண்டு நாம் சில கிதாபுகள் வாங்கினோம். அவற்றுள் ‘மிஷ்காத்’தும் ஒன்று. அநியாயமாக ஒரு சாண் நிலத்தை எடுத்துக்கொண்டவருக்கு மறுமையில் நேரும் கதியை, ஏழு பூமிகளும் கழுத்தில் மாட்டப்படும் என்னும் அந்த எச்சரிக்கையை, நாம் பொருளுணர்ந்து ஓதியது அந்தக் கிதாபிலேதான்.

அக்காலத்தில் அதை நாம் அறியோம். அறிந்தது 2019ஆம் ஆண்டுக் கோடையில்.

அவ்வாண்டு தமிழகத்தின் வடபகுதி நீருக்குத் தவித்தது. சென்னையின் ஏரிகள் வறண்டதைச் செய்தித்தாள்கள் படத்துடன் வெளியிட்டன. எங்கள் ஊரில் கட்டு வைக்கோல் விலை ஏறியது. பலர் கறவை மாடுகளை வந்த விலைக்கு விற்றனர். பள்ளி விடுமுறையில் நாம் ஊரில் இருந்தபோது, பால் சங்கத்திற்குப் பால் ஊற்றும் சிறு விவசாயிகள் சிலர் ஒன்றுகூடி, மேய்க்காலை மீட்டுக் காப்பதென்று முடிவு செய்தனர். எங்கள் தெருவினர், ஊர்த்தெருவினர், காலனியினர் என மூன்று தெருவினரும் அதில் இருந்தனர். அரபி படித்தவராயினும் மனு எழுதத் தெரிந்தவர் என்பதனால் நம்மையும் அழைத்தனர். மேய்ச்சல் தரை, களம், வண்டிப்பேட்டை முதலிய புறம்போக்குகளின் பயன்பாட்டை ஒழுங்கு செய்யும் அதிகாரத்தை 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் ஊராட்சிக்கு வழங்கியிருப்பதைக் கூறி மனு எழுதினோம். பஞ்சாபின் ஒரு சிற்றூர்க் குளம் பற்றிய வழக்கில் 2011 ஜனவரி 28 அன்று உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பையும் சேர்த்தோம். ஊர்ப் பொதுநிலங்களை ஆக்கிரமிப்பினின்று மீட்கத் திட்டம் வகுக்குமாறு எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்ட தீர்ப்பு அது. நிலமற்ற தொழிலாளர் போன்றோருக்கும், பள்ளியோ மருந்தகமோ ஏற்கெனவே நிற்கும் இடங்களுக்குமே அது விலக்கு அளிக்க இடம் தந்தது.

மனுவில் முதற்கையொப்பம் நம்முடையது.

நில அளவர் வந்தார். புலப்படத்தை விரித்து, பழைய அளவைக் கற்களைத் தேடினார். தென்மேற்கு மூலையில் இருக்க வேண்டிய கல் காணப்படவில்லை. ஊரார் தேடிக்கொண்டே எங்கள் சவுக்குத் தோப்பினுள் புகுந்தனர். வேலியிலிருந்து பன்னிரண்டு அடி உள்ளே, சருகுகளுக்கடியில், கல் இருந்தது. எவரும் ஒன்றும் கூறவில்லை. நில அளவர் மட்டும், “இது யார் பட்டா?” என்று கேட்டார். கூட்டத்தில் ஒருவர், “வாத்தியார் பாயோடது” என்றார். அக்குரலில் ஏளனம் இல்லை. அதுவே நமக்கு மிகுந்த வேதனையைத் தந்தது.

அன்று மஃரிபுக்குப் பின் தம்பியிடம் பேசினோம். கொல்லை அவன் பாகத்தில் உள்ளது, சவுக்கும் அவனுடையதே. தம்பி அமைதியாகக் கேட்டான். பின்பு, “அண்ணே, அத்தா செஞ்சது தப்புன்னு ஊரறியச் சொல்லப் போறீங்களா? அவங்க கபுருக்குப் போயிட்டாங்க. மேற்கே ஒருத்தர் மூணு ஏக்கர் வளைச்சிருக்கார், அவர் முதல்ல விடட்டும்” என்றான். அவன் கூறியதில் வலிமை இருந்தது. மேற்குப் பக்கத்தார் செல்வாக்குடையவர். அவர் விடாத வரையில் எங்கள் 11 சென்டால் ஊருக்கு என்ன பயன்? நாமும் அவ்வாறே சில நாள் எண்ணினோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

அந்நாட்களில் நம் மனம் ‘ஹிமா’ என்னும் சொல்லைச் சுற்றிச் சுற்றி வந்தது. காத்தல், தடுத்தல் என்னும் பொருள்படும் வினையடியில் பிறந்த அரபுச் சொல் அது. இஸ்லாத்திற்கு முற்பட்ட அரபகத்தில் வலிமைமிக்க குலத்தலைவன் மேட்டின்மீது ஒரு நாயைக் குரைக்கச் செய்வான்; அக்குரைப்பொலி எட்டும் எல்லை வரையுள்ள புல்வெளி அவனுக்கே உரியதாகும்; பிறர் மேய்க்கும் இடத்திலும் அவன் மந்தை புகும் என்று ஹதீஸ் விரிவுரையாளர்கள் எழுதியுள்ளனர். நபி பெருமானார் (ஸல்) அவர்கள் அவ்வழக்கத்தை ஒழித்தார்கள். ஹிமா என்பது அல்லாஹ்வுக்கும் அவன் தூதருக்கும் உரியதேயன்றித் தனிமனிதர்க்கு உரியதன்று எனும் கருத்துப்பட அவர்கள் அறிவித்தது புகாரீயில் உள்ளது. நீரிலும் புல்லிலும் நெருப்பிலும் மக்கள் பங்காளிகள் என்னும் கருத்து அபூதாவூதில் பதிவாகியுள்ளது. மதீனாவை அடுத்த நகீஃ என்னும் இடம் பொதுக் குதிரைகளுக்கெனக் காக்கப்பட்டது. பின்னர் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ரபதாவையும் அவ்வாறு காத்தார்கள்.

அதனைக் காக்க ஹுனை என்னும் தம் விடுதலை பெற்ற ஊழியரை நியமித்தபோது உமர் (ரலி) அவர்கள் கூறிய அறிவுரை எக்காலத்துக்கும் ஏற்றது. சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே உடையவனை உள்ளே விடு. பெருஞ்செல்வர்களான அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப், உஸ்மான் இப்னு அஃப்பான் (ரலி) ஆகியோரின் மந்தைகளை விடாதே என்பது அதன் சாரம். செல்வரின் கால்நடை அழிந்தால் அவர்களுக்குப் பேரீச்சந் தோட்டமும் பயிரும் உண்டு. ஏழையின் கால்நடை அழிந்தால் அவன் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கலீஃபாவின் வாயிலில் வந்து நிற்பான். புல்லைக் கொடுப்பது பொன்னைக் கொடுப்பதினும் எளிது என்பது அவர்கள் காட்டிய காரணம். தடுக்கப்பட்ட இருவரும் அவர்களுக்கு மிக நெருங்கிய தோழர்கள். இதை ஆண்டுதோறும் மாணவர்க்கு நடத்திய நாம், எங்கள் கொல்லையில் நின்ற சவுக்கைக் காணாதிருந்தோம்.

பொதுநிலம் அழிந்தே தீரும் என்று வாதித்தவரும் உண்டு. 1968இல் காரெட் ஹார்டின் என்னும் அமெரிக்க அறிவியலார் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. பொது மேய்ச்சலில் ஒவ்வொருவனும் மேலும் ஒரு மாட்டை விடுவான். ஆதாயம் அவனுக்கு, கேடு எல்லார்க்கும். இறுதியில் புல் ஒழியும் என்பது அவர் வாதம். அவர் கண்டது காவலும் ஒழுங்கும் அற்ற வெளியை. எலினார் ஆஸ்ட்ராம் என்னும் பெண்மணி, உலகின் பல பகுதிகளில் மக்கள் தாமே விதி வகுத்துப் பொதுநிலத்தையும் நீரையும் நூற்றாண்டுக் கணக்கில் காத்து வந்ததைத் திரட்டி 1990இல் ஒரு நூலாக்கினார். சுவிட்சர்லாந்தின் டோர்பெல் என்னும் மலையூரில், பனிக்காலத்தில் தன் வீட்டுத் தீவனத்தால் எத்தனை பசுக்களைக் காக்க இயலுமோ அத்தனையை மட்டுமே ஒருவர் மலைமேய்ச்சலுக்கு அனுப்பலாம் என்று 1517இலேயே விதி செய்தனர். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு அவ்வம்மையாருக்குக் கிட்டியது. அத்துறையில் அப்பரிசைப் பெற்ற முதற்பெண்மணி அவரே.

நம் நாட்டிலும் சான்றுகள் உள. அரியானாவின் சுகோமாஜ்ரி என்னும் சிற்றூரில், சண்டிகரின் சுக்னா ஏரியை மேடாக்கிய மண்ணின் மூலத்தைத் தேடிச் சென்ற பி.ஆர். மிஸ்ரா என்னும் மண்வள அறிஞர், மொட்டையடிக்கப்பட்ட குன்றுகளைக் கண்டார். 1970களின் நடுவில் அங்கே சிறு மண்ணணைகள் எழுந்தன. அணை நீரில் நிலமற்றவர் உட்பட எல்லாக் குடும்பத்திற்கும் பங்கு உண்டு என்று ஆன பின்னரே, ஊரார் தாமாகக் குன்றில் கால்நடைகளை மேய விடாது நிறுத்தினர். கம்பி வேலியன்று, ஊரின் ஒப்புதலே வேலியாயிற்று.

குஜராத்தின் கட்ச் பகுதியில் ஏறத்தாழ 2,500 சதுர கிலோமீட்டர் பரந்த பன்னி புல்வெளியில் வாழும் மால்தாரிகளில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். அவர்தம் எருமைகள் இரவெல்லாம் மேய்ந்துவிட்டு, விடியலில் மேய்ப்பனின்றியே பால் கறக்க வீடு திரும்பும். உப்புப் பாலை பரவாதிருக்கவென்று 1960களில் அங்கே நடப்பட்ட சீமைக் கருவேலம் புல்லை விழுங்கியது. அம்மக்கள் அதனைப் பைத்தியக்கார வேலம் என்னும் பொருள்பட அழைத்தனர். சிலர் வேலியிட்டு உழவும் தொடங்கினர். 2008இல் மால்தாரிகள் சங்கம் அமைத்தனர். 2010இல் பன்னி எருமை தனி இனமாக ஏற்கப்பட்டது. 2021 மே மாதம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பன்னியின் ஆக்கிரமிப்புகளை அகற்றவும், மால்தாரிகளின் சமூக உரிமை தொடரவும் ஆணையிட்டது. தங்களுக்குப் பட்டா வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. பன்னியைப் பிரிக்காது பன்னியாகவே விட்டுவிடுமாறே கேட்டனர். இதைப் படித்தபோது, 11 சென்டை விட இயலாத நம் நிலை நினைவுக்கு வந்து தலைகுனிந்தோம்.

ஒரு வெள்ளியன்று ஜும்ஆவுக்குப் பின் தம்பியை மீண்டும் அழைத்தோம். சவுக்கின் மதிப்பை வியாபாரியிடம் கேட்டு, அத்தொகையை நம் சேமிப்பிலிருந்து அவன் கையில் வைத்தோம். “பணத்துக்காகவா நான் சொன்னேன்?” என்று அவன் அதனைத் திருப்பித் தள்ளிவிட்டு எழுந்து போனான். ஆயின் மறுநாள் மரம் வெட்டும் ஆட்களை அழைத்து வந்தவன் அவனே. வேலியைப் பிடுங்கும்போது நம்முடன் நின்றான். ஒரு சொல்லும் பேசவில்லை. அதன்பின் ஓராண்டு, பெருநாள் தொழுகையில் தழுவிக்கொண்டதைத் தவிர, அவன் நம் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. சவுக்கு விற்ற தொகையை ஊர்க் குழுவிடம் ஒப்படைத்தோம். அதைக் கொண்டு சீமைக் கருவேலத்தை வேரோடு பெயர்க்க இயந்திரம் அமர்த்தினர்.

எங்களைக் கண்டு விளிம்பிலிருந்த வேறு நால்வர் தம் வேலிகளைப் பின்னிழுத்தனர். மேற்குப் பக்கத்தார் இழுக்கவில்லை; அவ்வழக்கு அலுவலகங்களில் நெடுநாள் கிடந்தது.

நிலம் கிடைத்தது பாதி. ஒழுங்கு வகுப்பது மறுபாதி. அக்கூட்டமே அனைத்தினும் கடுமையானது. மேய்க்காலை இரு கூறாக்கி, ஒரு கூற்றை ஆவணி முதல் கார்த்திகை வரை மூடுவது என்பதில் எவருக்கும் மாறுபாடில்லை. மழையில் முளைத்த புல் பூத்து விதை சிந்துமுன் மேய்ந்தால் மறு ஆண்டு புல் இராது என்பதை எங்கள் ஊரில் குழந்தையும் அறியும். அடுத்த ஆண்டு மற்றக் கூற்றை மூடுவது. மூடிய பகுதியில் அரிவாளால் அறுத்துக் கட்டாக எடுத்துப் போகலாம், கால்நடை புகலாகாது. குடும்பத்திற்கு மூன்று மாட்டுக்கு மேல் ஓட்டுபவர் மிகைமாட்டுக்குப் பணம் கட்ட வேண்டும். தவறினால் அபராதம், இரண்டாம் முறை இரு மடங்கு. இவ்வளவும் எளிதில் முடிந்தன.

அப்போது மாடு மிகுதியாக உடைய ஒருவர் எழுந்து, ஆடுகளை அறவே தடுக்க வேண்டும் என்றார். ஆடு வேரோடு கடிக்கும், கன்றைத் தின்னும் என்பது அவர் வாதம். பலர் ஆமோதித்தனர். சுகோமாஜ்ரியிலும் ஆட்டை நிறுத்தினர் என்று நாமே முன்னம் கூறியிருந்ததனால், நம் சொல்லே அவருக்குத் துணையாயிற்று. பின்வரிசையில் நின்ற ஒரு மூதாட்டி, “வாத்தியார் பாய், மாடு வச்சிருக்கவங்களுக்கு மட்டும்தான் புல்லா? என் நாலு ஆடு எங்க போவும்? அத வித்துத்தான் பேத்திக்குப் பரீச்சைப் பணம் கட்டினேன்” என்றார்.

நமக்குச் சட்டென ரபதாவின் காவலர் நினைவுக்கு வந்தார். சுகோமாஜ்ரியில் ஆட்டை நிறுத்தியவர்க்கு நீர்ப்பங்கு கிடைத்தது. இங்கே இவருக்கு நாம் கொடுப்பது யாது என்று கேட்டோம். உமர் (ரலி) அவர்களின் அறிவுரையையும் பெயர் கூறி எடுத்துரைத்தோம். கூட்டம் சற்று நேரம் அமைதியாயிருந்தது. இறுதியில், நிலமற்ற குடும்பத்திற்கு ஆறு ஆடு வரை கட்டணமின்றி என்றும், திறந்த கூற்றில் மட்டும், ஆளுடன் மேய்க்க வேண்டும் என்றும் முடிவாயிற்று. காவலுக்கு இருவர் அமர்த்தப்பட்டனர். அவருள் ஒருவர் பழைய மந்தைக்காரரின் பேரர். அவருக்கு நெல் அளப்பதில்லை. மாதக் கூலி தரப்படுகிறது.

முதலாண்டு புல்லென்று சொல்லத்தக்கது அதிகம் இல்லை. நெருஞ்சியும் ஆவாரையுமே கண்டோம். இரண்டாம் ஆண்டு அறுகு படர்ந்தது. மூன்றாம் ஆண்டு கொழுக்கட்டைப் புல் முழங்காலளவு நின்றது. பெயர்த்த சீமைக் கருவேலம் மீண்டும் மீண்டும் முளைத்தது. மாட்டின் சாணத்தில் அதன் விதை பரவுவதனால், காய் முற்றுமுன் செடியைக் களைவதை ஆண்டு வேலையாக்கிக்கொண்டோம். அபராதம் கட்டாமல் சண்டையிட்டவரும் உண்டு. பெருந்தொற்றுக் காலத்தில் கூட்டமே நடவாத மாதங்களும் உண்டு. ஆயினும் ஒழுங்கு அறுபடவில்லை.

2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்தது. அடுத்திருந்த மயிலத்தில் 24 மணி நேரத்தில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டமெங்கும் ஏரிகள் நிரம்பி வழிந்தன. மாடுகளை இழந்த வீடுகள் பல. எங்கள் ஊரிலும் நள்ளிரவில் காலனிக்குள் நீர் புகுந்தது. கட்டுத்தறியிலிருந்து அவிழ்த்த மாடுகளை மேய்க்காலின் மேட்டுக்கு ஓட்டினர். அம்மேட்டுக்குச் செல்லும் பழைய மாட்டுவழி எங்கள் கொல்லை ஓரத்தில் உள்ளது. அத்தா வேலி தள்ளிய பின் அவ்வழி ஒரு மாடு மட்டுமே போகக்கூடிய இடுக்காயிருந்தது. வேலி பின்வாங்கியதனால் அன்றிரவு மந்தை ஒருங்கே சென்றது. நாம் அப்போது திண்டிவனத்தில் மழையில் சிக்கியிருந்தோம். இச்செய்தியைத் தொலைபேசியில் நமக்குக் கூறியவன் தம்பி. இடுப்பளவு நீரில் நின்று, விளக்கேந்தி மாடுகளுக்கு வழிகாட்டியவனும் அவனே என்பதைப் பிறர் சொல்லப் பின்னர் அறிந்தோம்.

ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை 2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்கும் உரிய ஆண்டென 2022இல் அறிவித்தது. உலகம் பேசட்டும்; நன்றே. இவ்விதழைப் படிக்கும் நம் குடும்பங்கள் பலவற்றுக்கு ஊரில் ஓர் ஏரிக்கரையோ, ஒரு களமோ, ஒரு மந்தைவெளியோ அண்டை நிலமாக இருக்கும். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் எழுதப்பட்ட அளவும், வேலிக்குள் இருக்கும் அளவும் ஒன்றுதானா என்று ஒருமுறை அளந்து பார்க்க வேண்டுகிறோம். வாரிசுரிமைப் பாடத்தில் நாம் முதலில் கற்பிப்பது இதுவே: மய்யித்தின் சொத்தைப் பங்கிடுமுன் அவர் பட்ட கடனைத் தீர்க்க வேண்டும். ஊருக்குப் பட்ட கடனும் கடனே.

சென்ற முறை ஊருக்குச் சென்றபோது அஸருக்குப் பின் அத்தாவின் கபுரை ஜியாரத் செய்தோம். தம்பியும் உடன் வந்தான். கபரஸ்தானின் சுவருக்கு அப்பால் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. துஆ ஓதி முடித்ததும் தம்பி, “அத்தா இருந்திருந்தா அவங்களே வேலியப் பிடுங்கியிருப்பாங்க அண்ணே” என்றான். நாமும் அவ்வாறே நம்புகிறோம். இறைவன் அவர்களை மன்னிப்பானாக; நம்மையும்.